குல்லா போட்ட யானைக்குட்டி

"ஆடறதுக்கா சார் சம்பளம் தர்றீங்க? நெசமாவா?"

அற்புதராஜ் இதைக் கேட்பது மூன்றாவது தடவை.

"ஆமாப்பா. எட்டு மணி நேரம் டி.வி. கேம் ஆடணும். பெட்டி சரியா வேலை செய்யுதான்னு பார்க்கணும். செக்கிங் வேலை," என்றார் சூப்பர்வைசர் கங்கப்பன். ஓசூர் சிப்காட்டில் டி.வி. கேம் பெட்டி தயாரிக்கும் சின்னக் கம்பெனி அது. செக்கிங் பிரிவு ஆரம்பித்த நாளிலிருந்து, ஆறு வருஷமாக அவர்தான் அதற்குப் பொறுப்பு.

அற்புதராஜுக்குத் தலைகால் புரியவில்லை. கிருஷ்ணகிரியில் வீடியோ கேம் கடையே கதியென்று கிடந்து, உருப்படாதவன் என்று ஊர் பூராவும் பேர் வாங்கியவன் அவன். அவன் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட அன்னமேரியின் அப்பா ராயப்பன் கறாராகச் சொல்லிவிட்டார்.

"கம்பெனி வேலைன்னு வந்து சொல்லு, வர்ற ஞாயித்துக்கிழமையே மாதா கோயில்ல கல்யாண ஓலை வாசிக்கச் சொல்றன். இல்லன்னா பொண்ணு கேட்டு வந்த தளி ஊர் மாப்பிள்ளைக்குச் சரின்னுடுவன்."

ஞாயிற்றுக்கிழமைக்கு இன்னும் நாலே நாள். பாவம், அவன் மூன்று இரவாகத் தூங்கவில்லை.

இருந்தது ஒரே ஒரு இடம். பரீட்சைக்கு வந்திருந்தவர்கள் இரண்டு பேர். இன்னொருத்தி உத்தனப்பள்ளி மாதம்மாள். ஜாய்ஸ்டிக்கை அன்றுதான் முதன்முதலாகக் கையில் வாங்கினாள், அதுவும் தலைகீழாக.

"நீ மொதல்ல ஆடும்மா," என்றார் கங்கப்பன்.

டி.வி.யில் குல்லா போட்ட குண்டு யானைக்குட்டி ஒன்று குலுங்கிக் குலுங்கி நடந்து வந்தது. கொய்யாப்பழம் தின்றதும் கண்ணைச் சிமிட்டியது. பார்த்தால் கன்னத்தைக் கிள்ளத் தோன்றும். "அய்யோ, என் கண்ணு!" என்று மாதம்மாள் கொஞ்சும்போதே அது பள்ளத்தில் விழுந்தது. எழுந்து வந்தது. மறுபடி அதே பள்ளம்.

"செவப்பு பட்டன் லேசா ஒட்டுது சார். ரெண்டு தரம் அமுக்கினாத்தான் குதிக்குது," என்றாள்.

"சாக்கு நல்லாத்தான் இருக்குது," என்று அற்புதராஜ் முணுமுணுத்தான். பத்து நிமிஷம் ஆகியும் அவள் அந்தப் பள்ளத்தைத் தாண்டவில்லை. அவனுக்கு உள்ளுக்குள் ஒரே குஷி.

அடுத்து அவன் முறை. யானைக்குட்டி பள்ளத்தைத் தாண்டியது, பாலத்தில் ஓடியது, முதல் ஸ்டேஜ் முடிந்தது. கை அதுபாட்டுக்கு ஆட, வாய் சும்மா இருக்கவில்லை.

"தப்பா எடுத்துக்காதீங்க சார். அழகுன்னா அழகு, அதுல குறையே இல்ல. பாட்டுகூட காதுலயே நிக்குது. ஆனா சுத்த ஈஸி கேமுங்க. எதிரி யாருன்னு பாருங்க, நத்தை! நாம குதிக்கற வரைக்கும் நின்னு வழி விடுது. பத்துப் பழத்துக்கு ஒரு உசுரு இனாம். அப்புறம் எவன் சாவான்?"

"அட! அது அருவியா?" கங்கப்பன் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"ஆமா சார். அதைத் தாண்டினா பனிமலை வரும்."

"பனிமலையா!" அவர் கண்ணாடிக் கதவைத் திறந்து கத்தினார். "ஏ சென்னம்மா, பா இல்லி! எல்லாரையும் கூட்டிட்டு இங்க வா!"

டீ நேரம். பக்கத்து அறையிலிருந்து நீலக் கோட்டுப் போட்ட செக்கிங் பெண்கள் முப்பது பேரும் ஓடிவந்து டி.வி.யைச் சுற்றிக்கொண்டார்கள். யானைக்குட்டி பனியில் சறுக்கியதும் ஓவென்று கூச்சல். டீ ஆறிப்போனது, பெல் அடித்தது, ஒருத்தியும் நகரவில்லை.

அற்புதராஜுக்குப் பெருமை தாங்கவில்லை. நாள் பூரா இதையே ஆடுகிறவர்களே வாயைப் பிளந்து பார்க்கிறார்கள் என்றால், நம் கை அப்பேர்ப்பட்ட கை! ஒரு பள்ளத்தைக் கண்ணை மூடிக்கொண்டுகூடத் தாண்டிக் காட்டினான்.

கடைசியில் ராட்சசத் தவளை வந்தது. "இதுவும் மூணே குதிதான் சார். கடைசி ஸ்டேஜுன்னு ஒரு பயமே இருக்காது," என்று சொல்லியே குதித்தான். தவளை உருண்டது. பூ மழை கொட்ட, யானைக்குட்டி ஓடிப்போய் ஒரு பெரிய யானையின் காலைக் கட்டிக்கொண்டது.

"அம்மாவத் தேடியா போச்சு!" என்று சென்னம்மா கோட்டு நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

பெண்கள் மனமில்லாமல் கலைந்தார்கள். கங்கப்பன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டினார்.

"மாதம்மா, நாளைக்குக் காலைல ஏழு மணிக்கு வந்துரும்மா."

அற்புதராஜுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "சார்! அவங்க ஒரு பள்ளங்கூடத் தாண்டலியே! நான் எங்க தப்பு பண்ணினேன்?"

"தப்பே இல்லப்பா, ராஜா மாதிரி ஆடின. ஆனா இங்க ஒரு பெட்டிக்கு முப்பது செகண்டுதான். யானை நடக்குதா, குதிக்குதா, பட்டன் ஒட்டாம இருக்குதா, அவ்வளவுதான். ஒயரைப் புடுங்கிட்டு அடுத்த பெட்டி."

"நானும் முப்பது செகண்டோட நிறுத்திக்கறன் சார். சத்தியமா! என் கல்யாணமே இதுலதான் இருக்குது!"

"மொத ஸ்டேஜுக்கு அந்தாண்ட என்ன இருக்குதுன்னு ஆறு வருஷத்துல நானே பார்த்ததில்ல. நீ நிறுத்துவப்பா. அவங்கள யார் நிறுத்தறது?" என்று கங்கப்பன் கண்ணாடிக் கதவுப் பக்கம் கையைக் காட்டினார்.

அந்தப் பக்கம் பெல்ட்டில் பெட்டிகள் மலையாகக் குவிந்துகொண்டிருக்க, முப்பது டி.வி.யிலும் யானைக்குட்டி அம்மாவைத் தேடி அருவியைத் தாண்டிக்கொண்டிருந்தது.