கேப்டனின் கையெழுத்து

"கையெழுத்துப் போடுடா மாப்ளே! பன்னிரண்டு மணிக்குள்ள லீக் ஆபீஸ்ல இதைக் கொடுக்கலேன்னா எல்லாம் போச்சு!"

மாமா ஆட்சேப மனுவையும் பேனாவையும் நீட்டியபடியே நின்றார். கேப்டன் சோபாவில் காலை நீட்டி, வீங்கிய கணுக்காலில் ஐஸ் பையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான்.

"போட மாட்டேன் மாமா. விதி சரியாத்தான் இருக்கு."

"கேட்டியா அக்கா, உன் பிள்ளை பேச்சை? நேத்து இவன் தோக்கவே இல்ல. தோக்காதவனை வீட்டுக்குப் போன்னு அனுப்புற விதி சரியாம்!"

முந்தின நாள், கால்பந்து லீக்கில் முதல் நான்கு அணிகள் கோப்பைக்காக மோதும் ப்ளே-ஆஃபின் அரையிறுதி. புள்ளிப் பட்டியலில் முதலிடம் பிடித்த அணியும், நான்காவதாக வந்த கேப்டனின் அணியும் நூற்றிருபது நிமிடம் ஆடி ஆளுக்கு ஒரு கோல் என்று நின்றன. சமமாக முடிந்தால் பட்டியலில் மேலே உள்ள அணிக்கே வெற்றி என்பது இந்த வருடம் வந்த புது விதி. பெனால்டி கிடையாது. கேப்டனுக்கு வயது முப்பத்தைந்து. இதுதான் அவனுக்குக் கடைசி சீசன்.

மாமா சைக்கிள் கடைக்காரர்; ரசிகர் மன்றத் தலைவரும் அவர்தான். மருமகன் கையெழுத்துப் போட்ட பந்து ஒன்றைக் கடையில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார். பஞ்சர் ஒட்ட வருகிறவர்கள் அதைப் பார்க்காமல் திரும்ப முடியாது.

"போன வருஷம் என்ன ஆச்சு? இதே நாலாவது இடம், இதே முதல் டீம். பெனால்டியில ஜெயிச்சு, ஃபைனலையும் ஜெயிச்சு, கப்பைக் கொண்டு வந்தோமா இல்லையா? அதுதான் நியாயம்!"

கணக்கு டீச்சரான கேப்டனின் தங்கை, திருத்திக்கொண்டிருந்த நோட்டை மூடினாள். "மாமா, அவங்க முப்பது மேட்ச்ல நம்மளைவிடப் பதினாறு பாயிண்ட் அதிகம். எட்டு மாச உழைப்பை அஞ்சு பெனால்டியில அழிக்கிறது நியாயமா?"

"அப்ப எதுக்கு ப்ளே-ஆஃப்? பட்டியலைப் பார்த்துக் கப்பைப் பார்சல் பண்ணிடலாமே!"

"சில நாட்டுல அப்படித்தான் கொடுக்கிறாங்க. ஆனா கீழே இருக்கிறவங்களுக்குக் கடைசி ரெண்டு மாசம் ஆடவே மனசு வராது. சில லீக்ல நம்ம ஊர்ல ஒண்ணு, அவங்க ஊர்ல ஒண்ணுன்னு ரெண்டு மேட்ச். சில இடத்துல முதல் ரெண்டு டீம் தோத்தாலும் இன்னொரு வாய்ப்பு. நம்ம விதி பட்டியலுக்கும் பெனால்டிக்கும் நடுவுல இருக்கு. நாலாவது டீமுக்கும் கதவு திறந்திருக்கு. ஆனா ஜெயிச்சுட்டுத்தான் உள்ளே வரணும்."

"டீச்சரம்மா, எனக்குப் பாடம் எடுக்காதீங்க. இது அந்த முதல் டீம் கேப்டன் வேலை. போன வருஷம் தோத்த வயித்தெரிச்சல்ல எழுதிக் கொடுத்திருப்பான். விதியை மாத்தணும்னாலும் சரி, ஆட்சேபம் சொல்லணும்னாலும் சரி, ஒரு கேப்டன் கையெழுத்து இல்லாம லீக்ல காகிதம் நகராது. அதுக்குத்தான் இவன்கிட்ட கெஞ்சிட்டு நிக்கிறேன்."

துவைத்த ஜெர்சியை மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள்.

"விடுடா தம்பி. போன வருஷம் பெனால்டியில ஜெயிச்ச அன்னிக்கும் இவன் வீட்டுல வந்து சாப்பிடல. 'அந்த முதல் டீம் கோல்கீப்பர் அழுதாம்மா, பக்கத்துல போய் உட்கார்ந்துட்டு வந்தேன்'னான். எனக்குக் கப்பைவிட அதுதான் பெருமையா இருந்துச்சு. கடவுளும் அழுறவங்க பக்கத்துலதான் உட்காருவார்."

"அப்ப இன்னிக்கு நான்தான் அழுறேன். எனக்குக் கொஞ்சம் சிபாரிசு பண்ணேன் அக்கா!"

கேப்டன்கூடச் சிரித்துவிட்டான்.

"அது சரி மாமா, ஆட்சேபத்தோட விதியின் நகலையும் வைக்கணுமே?" என்றாள் தங்கை.

மாமா பையிலிருந்து ஒட்டிய உறை ஒன்றை எடுத்து ஆட்டினார். "காலையிலதான் ஆபீஸ்ல வாங்கினேன். பிரிச்சுக்கூடப் பார்க்கல. எல்லாம் மனப்பாடம்!"

கேப்டன் சட்டென்று எழ முயன்றான். ஐஸ் பை கீழே விழுந்தது. "அதை இப்படிக் கொடுங்க மாமா."

"ஏன், கிழிச்சுப் போடவா? அந்த வேலையே வேண்டாம்!"

மாமா இரண்டடி பின்னால் போய், உறையைப் பிரித்து, உதடு அசைய வாசிக்கத் தொடங்கினார். கடைசி வரிக்கு வந்ததும் உதடு நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். பிறகு மருமகனைப் பார்த்தார். அவன் குனிந்து ஐஸ் பையைத் தேடுவதுபோல் இருந்தான்.

மாமா பேனாவை மூடினார். எழுதிக் கொண்டுவந்த ஆட்சேப மனுவை நாலாக மடித்துச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"என்னடா ஆச்சு?" என்றாள் அம்மா.

"ஒண்ணுமில்லக்கா." மாமா நகலின் மடிப்பை நீவிவிட்டார். "இந்தக் காகிதத்தை ஃப்ரேம் போடணும். கடையில அந்தப் பந்துக்குப் பக்கத்துல... இல்ல, பந்துக்கு மேல மாட்டப் போறேன்."

காலையிலிருந்து அவர் கெஞ்சிக் கேட்ட கையெழுத்து, விதிக்குக் கீழே 'முன்மொழிந்தவர்' என்ற இடத்தில் ஏற்கெனவே இருந்தது. பக்கத்தில் போட்டிருந்த தேதி, போன வருடம் அவர்கள் கோப்பையை வென்ற நாளுக்கு மறுநாள்.