எதிர்ப்பக்கம் சாய்ந்த பின்னல்

கடலூர் வீட்டில் அமராவதி எப்போதும் மூன்று நான்கு குரோஷா வேலைகளை இழுத்துப் போட்டிருப்பாள். கூடத்தில் மேசை விரிப்பு, கட்டிலில் சால்வை, ஜன்னலோரம் தலையணை உறை.

"கரண்ட் இருக்கறப்பவே ஒண்ணையாவது முடியேன். எதிர்வீட்டம்மா விரிப்ப எத்தினி நாளா கேக்கறாங்க," என்றார் கணவர் சபாபதி.

"முடிச்சிடறேங்க."

தங்கை கயல்விழி சிதம்பரத்திலிருந்து வரும்போதெல்லாம், கைக்கு அகப்பட்டதை எடுத்து இரண்டு வரிசை பின்னிவிடுவாள். அவள் இடக்கைக்காரி. அவள் பின்னல் எதிர்ப்பக்கம் சாய்ந்திருக்கும். "என் வேலைல கை வெக்காதடி," என்று திட்டிக்கொண்டே அமராவதி அதைப் பிரித்துவிடுவாள்.

கயல்விழி காய்ச்சலில் இறந்தது போன மாசியில். ஆடியில் சால்வையில் இரண்டு வரிசை எதிர்ப்பக்கம் சாய்ந்திருந்தது. பிறகு தலையணை உறையில். வீட்டில் வேறு யாருக்கும் பின்னத் தெரியாது. அமராவதி அவற்றைப் பிரிக்கவில்லை.

இன்று விரிப்பை முடித்து எதிர்வீட்டில் கொடுத்துவிட்டாள். முடிந்த துணியில் யார் வந்து என்ன பின்ன முடியும்? திரும்பி வந்ததும் புது நூற்கண்டைப் பிரித்தாள். நான்கு வரிசை பின்னி, பாதியில் நிறுத்தி, ஊசியை நாற்காலியின் இடக்கைப் பக்கம் வைத்தாள்.

"பிரிக்க மாட்டேன்டி," என்றாள்.