இயக்குநர் கண்டுபிடித்த பிளவு

"நம்ம ஊருக்கு அடியில புதுசா ஒரு பிளவு இருக்கும்மா! நிருபர்களை வரச் சொல்லியாச்சு. ஊரையே காலி பண்ணச் சொல்லப்போறேன்!" நிலநடுக்க ஆய்வு மையத்தின் இயக்குநர் மேசையில் ஓங்கிக் குத்தினார்.

புரோகிராமர் கொட்டாவியை விழுங்கினாள். ஒரு வாரப் பயிற்சி வகுப்பில் உட்கார்ந்து எழுந்த மனிதர், அதிர்வுப் பதிவுகளின் பட்டியலை ஒவ்வொன்றாகப் பார்த்துச் செல்லும் லூப் நிரலைத் தானே எழுதிவிட்டாராம். வானத்தையே வில்லாக வளைத்துவிட்ட மாதிரி அலட்டல் வேறு.

"சார், லூப் ஓடிக்கிட்டிருக்கும்போதே அதே பட்டியல்லேருந்து, சும்மா சோதிச்சுப் பார்க்க வெச்ச அதிர்வுக் கருவிகளோட பதிவை அழிச்சிருக்கீங்க. ஒண்ணை அழிச்சா அடுத்தது அந்த இடத்துக்கு நகர்ந்துடும். லூப் அதைப் பார்க்காமலே தாண்டிடும். பட்டியலை நகலெடுத்துட்டு ஓட்டணும்."

"எனக்கே பாடமா? நீ பிறக்கறதுக்கு முன்னாடியே நான் டாக்டர் பட்டம் வாங்கினவன்!" மறுபடியும் ஒரு குத்து. தண்ணீர் டம்ளர் துள்ளியது.

"அப்படித் தப்பிச்ச ஒரு சோதனைக் கருவிதான் சார் உங்க பிளவு. அது எங்க இருக்குன்னா..."

"எங்க இருந்தா என்ன? அதிருதா இல்லையா?" என்று இன்னொரு குத்து விட்டார்.

கணினித் திரையில் அதிர்வுக் கோடு எகிறியது.

"பாத்தியா! இப்பவே ஒண்ணு!" என்று கத்திக்கொண்டே நிருபர்களிடம் ஓடினார்.

அவள் குனிந்து, அவருடைய மேசைக்கு அடியில் இருந்த அந்தக் கருவியை எடுத்தாள். புதுப் பிளவைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, நிருபர்களைப் பார்க்க அவளும் கிளம்பினாள்.