காலமான களை

“மூணு படத்துல செத்திருக்கேன். அதுல ஒண்ணாவது ஜெயிக்காமலா போயிடும்?” என்றார் கோவிந்தராஜ்.

“காலங்காத்தால பேச்சைப் பாரு” என்று காபி டம்ளரை ணங்கென்று வைத்தாள் ஹேமாவதி.

ஆவடி ஃபேக்டரியில் ரிடையராகி, நசரத்பேட்டை ஃப்ளாட்டுக்குக் குடிவந்த புதிதில் டீக்கடையில்தான் விஷ்ணு அவரைக் கண்டுபிடித்தான். விஷ்ணு சினிமாவில் ஆர்ட் அசிஸ்டென்ட். ஹீரோ வீட்டுச் சுவரில் மாட்டுவதற்கு, இறந்துபோன அப்பா ஒருவர் அவனுக்கு அவசரமாகத் தேவைப்பட்டார்.

“தப்பா எட்துக்காத சார். உன் மூஞ்சில ஒரு காலமான களை கீது.”

கோவிந்தராஜ் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சர்வீஸ் முழுக்க அவர் முகத்தில் யாரும் எந்தக் களையையும் பார்த்ததில்லை. ரிடையர்மென்ட் அன்று எடுத்த போட்டோவை, ஃபிரேமோடு கொடுக்கச் சம்மதித்தார்.

விஷ்ணு படத்துக்குப் படம் தாவினான். போட்டோவும் கூடவே தாவியது. மூன்று படங்களும் ஒரே வருஷம் வெளிவந்து, மூன்றுமே ஓடித் தொலைத்து, இப்போது விருது சீசனில் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு நின்றன. சேனல் விருது, பத்திரிகை விருது, பேர் தெரியாத விருது. ஃப்ளாட் வாட்ஸ்அப் குரூப்பில் பொங்கல் வாழ்த்தைவிட இந்தச் சண்டைதான் அதிகம்.

“சார், சிறந்த மறைந்த நடிகர்னு ஒண்ணு வெச்சா உங்களை அடிச்சிக்க ஆளே இல்ல” என்றார் மூன்றாம் மாடி ஜெயராமன், லிஃப்டில்.

கோவிந்தராஜுக்கு அதுவும் பெருமையாகத்தான் இருந்தது.

ஹேமாவதி மட்டும் ஒரு படத்தையும் பார்க்கவில்லை. போட்டோ திரும்பி வந்தால் மஞ்சள் தண்ணீர் தெளிப்பாள். கற்பூரம் சுற்றுவாள். துடைத்து பீரோவுக்குள் வைத்துப் பூட்டுவாள். ஏதோ தீட்டுப் பட்ட சாமான் மாதிரி. அதை எடுத்துக் கொடுக்கும்போதும் அவரைக் கிட்டே விடமாட்டாள்.

“உங்க கையால குடுக்க வேணாம். போய்க் குளிங்க” என்று விரட்டிவிட்டு, தானே கொடுத்தனுப்புவாள்.

அன்று டிவியில், போட்டியில் இருக்கும் மூன்று ஆர்ட் டைரக்டர்களையும் ஒன்றாக உட்கார வைத்துப் பேட்டி எடுத்தார்கள்.

“எங்க படத்துல அப்பா போட்டோவுக்கு மாலை இல்ல, பொட்டு இல்ல, சீரியல் பல்பு இல்ல. அந்த மனுஷன் இன்னும் அந்த வீட்டுக்குள்ளதான் இருக்கார்ங்கிற ஃபீல். அது முழுக்க என் ஐடியா” என்றார் முதலாமவர்.

“எங்க படத்துலயும் மாலை இல்லையே. கதை கேட்டப்பவே நான் முடிவு பண்ணினது” என்றார் இரண்டாமவர்.

“யாரைப் பார்த்து யார் பண்ணாங்கன்னு ஜனங்களுக்குத் தெரியும்” என்று மூன்றாமவர் மைக்கைக் கழற்றிவிட்டு எழுந்து போய்விட்டார்.

“பார்த்தியா? என் போட்டோவை வெச்சு எவ்வளவு ஆழமா யோசிச்சிருக்காங்க.”

“ம்” என்றாள் ஹேமாவதி. வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கோவிந்தராஜ் சட்டைப் பையிலிருந்து இரண்டு பாஸ்களை எடுத்தார். விருது விழாவுக்கு முதல் படக் கம்பெனி அனுப்பியது.

“உனக்கும் சேர்த்துக் கேட்டு வாங்கினேன். அந்த அரக்குப் பட்டைக் கட்டிக்கோ.”

“நான் வரல.”

“ஏன்?”

“செத்தவர் பொண்டாட்டின்னு நாலு பேர் கை காட்டுறதுக்கா?”

“நாலு பேர் என்னைப் பத்திப் பேசுறதே இப்பத்தான். அது உனக்குப் பிடிக்கல.”

அவள் வெங்காயத் தோலை ஒதுக்கித் தள்ளினாள்.

“ஃபேக்டரியில ஒருநாள் மேடையேறி இருப்பேனா? ஒரே ஒரு சாயங்காலம் பக்கத்துல வந்து உட்காரக் கூடாதா?”

அடுத்த வெங்காயத்தை எடுத்தாள்.

“சரி. ஜெயராமன் கேட்டுட்டே இருக்கார். அவருக்குக் குடுத்துடறேன்” என்று ஒரு பாஸை டிவி ஸ்டாண்டில் வைத்தார். இராத்திரி சாப்பாட்டின்போது அவர் ரசம் கேட்கவில்லை. அவளும் வேண்டுமா என்று கேட்கவில்லை.

காலையில் காலிங் பெல் அடித்தது. விஷ்ணு.

“நாலாவது படம் சார். போட்டோ வோணும்.”

“நீங்க போய்க் குளிங்க” என்றாள் ஹேமாவதி.

கோவிந்தராஜ் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். “ஜெயராமன் வந்தா அந்தப் பாஸைக் குடுத்துடு” என்று விறைப்பாகச் சொல்லிவிட்டு பாத்ரூமுக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார்.

பக்கெட் நிறைந்தது. குழாயை மூடினார். ஹாலில் பேசுவது தெளிவாகக் கேட்டது.

“அம்மா, இந்த டைரக்டரு ஒத்துக்க மாட்றாரு. மாலை போட்டே ஆவணும்னு ஒரே புடியா நிக்கிறாரு.”

“அப்ப போட்டோ கிடையாது. கிளம்பு.”

“இன்னாம்மா நீ, எனக்கு வேலை பூடும்மா.”

“மூணு தடவையும் உன் தலையில கை வெச்சு, மாலை போட மாட்டேன்னு சத்தியம் பண்ணித்தானே வாங்கிட்டுப் போன? இப்பவும் வை கையை. மாலை போடாட்டிதான் விருதுக்கே போகுதாம், டிவியில சொல்றாங்க. உங்க டைரக்டர்கிட்ட அதைச் சொல்லு.”

“அதில்லம்மா...”

“போட்டோதானேன்னு நினைக்காத.” ஹேமாவதியின் குரல் இறங்கியது. “மனுஷன் உசுரோட உள்ள குளிச்சிக்கிட்டு இருக்காரு.”

கோவிந்தராஜ் மக்கைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றார்.

“ஹேமா” என்று உள்ளிருந்து குரல் கொடுத்தார். “ஜெயராமன் வந்தா பாஸ் இல்லன்னு சொல்லிடு.”

பிறகு, ஹால் வரைக்கும் கேட்கிற மாதிரி, தண்ணீரை மொண்டு மொண்டு தலையில் ஊற்றிக்கொண்டார்.