பேஸ்ட் மூடி

"கொஞ்சம் சத்தத்தைக் குறைங்களேன்!" சமையலறை வாசலில் நின்று மனைவி கத்தினாள்.

எலெக்ட்ரிக் கிடாரின் வால்யூம் திருகு தேய்ந்து உடைந்ததும், அவர் அந்த இடத்தில் மாட்டியிருந்தது பழைய பேஸ்ட் மூடி. அது வெறுமனே சுற்றுமே தவிர, சத்தம் இம்மியும் குறையாது. அவர் வாசிப்பதை நிறுத்தி, மூடியைத் திருகி, அவளைப் பார்த்தபடி மறுபடி மீட்டினார்.

"இப்ப?"

"இப்பப் பரவாயில்லை."

அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். அந்த நேரம் பார்த்து மூடி கழன்று, உருண்டுபோய் அவள் காலடியில் விழுந்தது. மாட்டிக்கொண்டோமே என்று திருதிருவென விழித்தார்.

அவளோ எடுத்துவந்து மாட்டிவிட்டாள்.

"இது சும்மா சுத்துதுன்னு தூசி துடைக்கிறப்பவே தெரியும்."

"அப்புறம் எதுக்கு தினமும் குறைக்கச் சொல்ற?"

"கிடாரை எடுத்துட்டா, நான் அப்படிச் சொல்றப்ப மட்டும்தானே நிமிர்ந்து என் முகத்தைப் பார்க்கறீங்க!"