ஒழுகாத படகு

"பாய், படகு கட்டச் சொன்னா நீர்மூழ்கிக் கப்பல் கட்டி வெச்சிருக்கீங்களே!" என்றான் லெயோன்.

கடல்கடந்த சோலோன் நகரின் கால்வாயில் பக்கீர் மைதீனின் படகு நிதானமாக உட்கார்ந்துவிட்டது. முகப்பில் வரைந்த இரண்டு கண்கள் மட்டும் தண்ணீருக்கு மேலே நின்று, கட்டியவரை முறைத்தன.

சண்டையில் ஜவுளிக்கடை எரிந்தபின் இந்தப் படகுதான் அவர் பிழைப்பு. மட்கிக் கிடந்ததை வாங்கி, பலகை மாற்றி, இடுக்கெல்லாம் மரப்பட்டை திணித்துக் குங்கிலியம் பூசி, அடித்துளையை அடைக்கும் தக்கை வரை சொந்தக் கையால் செதுக்கியிருந்தார். ஜவுளிக்காரன் கையில் உளியா என்று தெருவே சிரித்தது.

இன்று பிரெஞ்சு ராணுவம் வந்துவிட்டது. சிப்பாய்களை ஏற்ற, ஒழுகாத படகையெல்லாம் பறித்துக்கொண்டு போகிறார்கள். அதிகாரம் பண்ணக் கப்பித்தேன் என்கிற கேப்டன். சோதித்துச் சொல்லப் புதுச்சேரித் தமிழ்ச் சிப்பாய் லெயோன்.

சற்று முன்புதான் லெயோன் படகுக்குள் இறங்கினான். குனிந்தான், தட்டினான், மோந்துகூடப் பார்த்தான். அவன் கரையேறிய கையோடு படகு குளிக்க இறங்கிவிட்டது.

கப்பித்தேன் உதட்டைப் பிதுக்கி, வேண்டாமென்று கையை வீசினார்.

படகு தப்பியது. மூளையுள்ளவன் இந்த இடத்தில் வாயை மூடிக்கொள்வான். மைதீன்தான் தொழிற்கலைஞர் ஆகிவிட்டாரே!

"என் படகு ஒழுகாது தம்பி! இன்னொரு தரம் பாக்கச் சொல்லுங்க!"

"ஒழுகல பாய், ஊத்துது. பேசாம இருங்க."

"அல்லா மேல ஆணையா ஒழுகாது!" மைதீன் கப்பித்தேன் பக்கம் திரும்பி, தனக்குத் தெரிந்த இரண்டே பிரெஞ்சுச் சொற்களையும் செலவழித்தார். "பொன் பத்தோ! பொன் பத்தோ!" நல்ல படகாம்.

கப்பித்தேனின் கால் நின்றது. லெயோன் அவசரமாகப் பிரெஞ்சில் ஏதோ சொன்னான். கப்பித்தேன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என்ன தம்பி சொன்னீங்க?"

"இதுக்கு உங்க கடை மெல்லிசு மல்லுத் துணியே தண்ணி தாங்கும்னேன்."

மைதீன் கரையிலேயே குந்திவிட்டார். படகு போயிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

கப்பித்தேன் ஜீப்பில் ஏறினார். லெயோன் இடது கையால் சல்யூட் அடித்து, அதற்கும் வசவு வாங்கிக்கொண்டான். வலது கை கால்சட்டைப் பையைவிட்டு வரவே இல்லை.

ஜீப் முனை திரும்பியது. அந்தக் கை மெல்ல வெளியே வந்து, மைதீன் முன்னால் விரிந்தது.

"உங்க படகு ஒழுகாது பாய், இந்தாங்க தக்கை."