அளவுச் சட்டை

மார்ச் 14. ஒரு தவறு: அம்மாவின் அளவை உடம்பில் எடுக்காமல், அவளுடைய பழைய சட்டையை விரித்துப்போட்டு எடுத்துக்கொண்டு போனேன்.

மாலைத் தையல் வகுப்பில் ஆசிரியை பார்த்ததுமே கண்டுபிடித்துவிட்டார். "சட்டைக்குத் தைக்கிறியா, ஆளுக்குத் தைக்கிறியா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

அம்மாதான் அளவு நாடாவைக் கிட்டே விடவில்லை. "கூசுதுடி, போ" என்று பழைய சட்டையைத் தூக்கிப் போட்டாள். நான் விட்டுவிட்டேன். எனக்கு எதையும் அழுத்திக் கேட்க வராது.

சரி, என் மேலேயே பழகிப் பார்க்கலாம் என்று வீட்டுக்கு வந்து கண்ணாடி முன் நின்றேன். நாடாவை மார்பைச் சுற்றி இழுத்தபோது ஏதோ நெருடியது.

வலது மார்பின் ஓரத்தில், தோலில், கடுகளவு ஒரு புடைப்பு.

வலிக்கவில்லை. அரிக்கவில்லை. கிள்ளினால் தோலோடு சேர்ந்து வந்தது.

நேற்று இருந்ததா? தெரியவில்லை. இத்தனை வருடம் இந்த உடம்போடு திரிந்தும், அங்கே என்ன இருந்தது என்று நான் பார்த்ததே இல்லை.

பயம் வந்தது. அதைவிட, என்னவாக இருக்கும் என்ற குறுகுறுப்புதான் அதிகம்.

துணியின் இழை பார்க்க வகுப்பில் கொடுத்த லென்ஸை எடுத்து வைத்துப் பார்த்தேன். நடுவில் வெளிர் நிறத்தில் ஒரு புள்ளி. லென்ஸில் இருக்கும் தூசியோ? துடைத்துவிட்டு மறுபடி பார்த்தேன். புள்ளிதான்.

அம்மாவைக் கூப்பிட்டேன்.

வேலையிலிருந்து வந்து முகம் கழுவிக்கொண்டிருந்தவள், ஈரக்கையோடு வந்து லென்ஸை வாங்கிக் குனிந்தாள். "அடேயப்பா, மலை மாதிரி தெரியுது!"

பிறகு விரலால் தொட்டாள். ஜில்லென்றிருந்தது. விரல் நுனிகளை மட்டும் வைத்து, சுற்றிலும் மெதுவாக, வட்டமாக அழுத்திக்கொண்டே வந்தாள். எங்கும் தயங்காத விரல்கள். இவள் எங்கே இதைக் கற்றுக்கொண்டாள் என்று தோன்றியது.

அவள் முகம் தெளிந்தது. என் கன்னத்தில் ஒரு தட்டு தட்டினாள்.

"இதுக்கா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு நின்னே? இது சும்மா மேல் தோல்டி. என்னுது மாதிரி உள்ளுக்குள்ள கல்லா இல்ல."

சொல்லிவிட்டு, புடவைத் தலைப்பால் லென்ஸைத் துடைக்க ஆரம்பித்தாள். அது சுத்தமாகத்தான் இருந்தது.

எப்போதிலிருந்து என்று கேட்டேன். அழுத்தியே கேட்டேன்.

நாளை: வகுப்புக்குப் போவதில்லை. ஆஸ்பத்திரியில் இரண்டு பேர் பெயரைப் பதிய வேண்டும், அம்மா பெயரை முதலில்.